பூவராகவன் காய்ச்சிய கலர்

கண்ணாடிக் குழாய் கொதித்துக்கொண்டிருந்தபோது வாசலில் தரகர் வீரபத்திரனின் குரல் கேட்டது.

“பூவராகவன் அண்ணே! வாலாஜாபாத்துக்காரங்க வந்துட்டாங்க!”

பத்து மணிக்கு மேல் வருவதாகச் சொன்னவர்கள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள்.

பூவராகவன் ஒரு கையில் இடுக்கியோடும் மறு கையில் ஸ்பிரிட் விளக்கோடும் விறைத்து நின்றார். இடுக்கியின் நுனியில் குழாய். குழாய்க்குள் டாக்டர் கொடுத்த நீல மருந்து, அதில் அவருடைய காலைச் சிறுநீர் எட்டுச் சொட்டு. காய்ச்சினால் கலர் மாறும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் என்று ஏற ஏற ஆபத்து.

ஊரே ரேஷன் கடையில் சர்க்கரைக்குக் கால் கடுக்க நின்றுகொண்டிருந்த காலம் அது. பூவராகவனுக்கோ அது உடம்பிலிருந்து தினமும் வீணாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

இன்றைக்குக் கலர் மாம்பழத்தைத் தாண்டி, செங்கலுக்குச் சற்று முன்னால் வந்து நின்றிருந்தது.

“வடிவு! இத எங்கியாவது வையேன்!”

“அந்தக் கருமாந்திரத்த நான் தொடமாட்டேன். உங்களுது, நீங்களே வையுங்க,” என்றாள் மனைவி, கேசரியைக் கிளறியபடி.

எங்கே வைப்பது? வருகிறவர்கள் கண்ணில் பட்டால் தொலைந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவதில் பூவராகவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்தப் பெயர் மகள் அம்சவேணிக்கு உதவவில்லை. போன வருஷம் அமைந்து வந்த செங்கல்பட்டு வரன், “அப்பனுக்குச் சக்கரை வியாதியாமே, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும், பேரப்புள்ளைக்கும் வரும்” என்ற பேச்சில் கலைந்துபோனது. அம்சவேணிக்கு இருபத்து நாலு நடக்கிறது. இந்த வரனும் நழுவினால் அடுத்தது எப்போது வரும், வருமா என்பதே தெரியாது.

செருப்புச் சத்தம் நெருங்கியது. பூவராகவன் குழாயை இடுப்பு வேட்டியில் செருகினார். வெந்துபோனது. அலறலை விழுங்கிக்கொண்டு, அதை உருவி ஜன்னல் கட்டையில் சாய டப்பாக்களுக்கு நடுவே சாத்தி வைத்தார்.

முருகேசனும் அவர் மனைவி நீலாம்பாளும் உள்ளே வந்தார்கள். வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிற குடும்பம். பையனுக்கு ராணிப்பேட்டையில் வேலை, வீட்டிலிருந்தே தினமும் போய்வருகிறான். லீவு கிடைக்கவில்லை என்று அவன் போட்டோ மட்டும் வந்திருந்தது.

பாயில் உட்கார்ந்த நீலாம்பாளின் பார்வை சுற்றிச் சுழன்று ஜன்னலில் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

“அது இன்னா அண்ணே, அந்தக் குழாயில?”

“அதுவா? சாயம்மா. பட்டுக்குப் போடற சாயம்.”

“சாயமா?”

அந்த இடத்தில் பூவராகவன் நிறுத்தியிருக்கலாம். பிற்பாடு எத்தனையோ நாள் அதை நினைத்து நினைத்து நொந்தார். ஆனால் பொய் சொல்லிப் பழகாதவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

“நம்ம அம்சவேணி கல்யாணப் பொடவைக்குன்னு நானே பாத்துப் பாத்துப் போட்ட கலரும்மா. அவ கட்டினா இந்தக் கலர்தான் கட்டணும்னு எனக்கு ஒரு ஆசை.”

முருகேசன் மனைவியைப் பார்த்தார். மனைவி முருகேசனைப் பார்த்தாள்.

“நெசமாவா சொல்றீங்க? நல்லா யோசிச்சித்தான் சொல்றீங்களா அண்ணே?” என்றாள் நீலாம்பாள்.

“இதுல யோசிக்கிறதுக்கு இன்னாம்மா இருக்குது?”

நீலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்போ கூறைப் பொடவ இந்தக் கலர்லயே இருக்கட்டும். வேற கலரு எங்களுக்கு வேணாம்.”

முருகேசன் எழுந்து வந்து பூவராகவனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “பெரிய மனசு உங்களுக்கு.”

“பொண்ண இன்னும் கூப்பிடவே இல்லியே!” என்று பதறினார் தரகர்.

“உங்களையெல்லாம் பாத்தாச்சே, அதுவே போதும்,” என்றார் முருகேசன். பிறகு மரியாதைக்கு அம்சவேணி வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஒரு கலருக்கு இவ்வளவு மயங்குகிறவர்களைப் பூவராகவன் தன் தொழிலில் பார்த்ததே இல்லை.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்சவேணி வெடித்தாள்.

“இன்னா நைனா இது? அந்தக் கலரையா கூறைப் பொடவைன்ன? அத நாந்தானே கட்டணும்!”

“கலருதானேம்மா.”

“எதுலேருந்து வந்த கலரு?”

பூவராகவன் குழாயை எடுத்துச் சாய டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளினார்.

“சொல்லிடு நைனா. இன்னிக்கே தரகர் மாமாவ அனுப்பிச் சொல்லிடு. மறைச்சிக் கட்டிவெச்சா நாளைக்கு அந்த வூட்ல நான் எப்படித் தல நிமிந்து நிப்பேன்?”

“நிச்சயம் ஆவட்டும், அப்பால சொல்லிக்கலாம். நீ கம்முனு இரு.”

மறுநாள் காலையில் முதல் சிக்கல் வந்தது. குழாயில் இருந்த கலர் அடியில் வண்டலாக இறங்கி, மேலே கலங்கிய பச்சைத் தண்ணீர் நின்றது. குலுக்கிப் பார்த்தார். சேற்றுத் தண்ணீராக மாறியது.

நினைவிலிருந்தே போட்டுவிடலாம் என்று ஒரு கழி பட்டு நூலை எடுத்துத் தாமிர அண்டாவில் முக்கினார். வெங்காயச் சருகு மாதிரி வந்தது. அடுத்த கழி பூசணிப்பழமாக வந்தது. மூன்றாவதை வடிவு பார்த்துவிட்டு, “துருப்பிடிச்ச தகரம்” என்றாள். அந்தக் குழாயில் உள்ளிருந்து ஒரு வெளிச்சம் இருந்தது. அது மட்டும் அண்டாவில் சிக்கவில்லை.

“வேற நல்ல கலராப் போட்டு, இதான் அதுன்னு சொல்லிடுங்களேன்,” என்றாள் வடிவு.

அப்படித்தான் செய்வதாக இருந்தார். அதற்குள் வீரபத்திரன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“அண்ணே, பையனோட அம்மா ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொன்னாங்க. பூவராகவன் அண்ணன் அன்னிக்குக் காட்டின கலர்லதான் உறுதியா இருக்காரா, மனசு மாறிடலியேன்னு.”

“அத எதுக்குக் கேக்கறாங்க?”

“எனக்கின்னா தெரியும்? கேக்கறப்போ அழுவற மாதிரி இருந்தாங்க. ரெண்டு தடவ கேட்டாங்க.”

அந்த அம்மாளுக்குக் கண் கூர்மை. இம்மி மாறினாலும் பிடித்துவிடுவாள்.

“மாறாதுன்னு சொல்லு. அதே கலர்.”

அதே கலர் வேண்டுமென்றால், பக்கத்தில் வைத்து ஒப்பிட அதே குழாய் வேண்டும். மறுநாள் ஆவலோடு காய்ச்சினார். பச்சை! வடிவு பத்தியத்தை இறுக்கியிருந்தாள். மூன்று வேளையும் கேழ்வரகும் பாகற்காயும்தான். அவர் ஒருவர் மட்டும் வாடக்கூடாது என்று அவளும் சோற்றை விட்டுவிட்டுக் களி தின்றுகொண்டிருந்தாள்.

“கிளிப்பச்ச! பாத்தீங்களா, எப்படி எறங்கிடுச்சி!” குழாயைத் தொடமாட்டேன் என்றவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து மகிழ்ந்தாள்.

பூவராகவன் துக்க வீட்டுக்குப் போனவர் மாதிரி தலையாட்டினார்.

அன்று மாலை அவர் கால் தானாக மிட்டாய்க் கடைக்குப் போயிற்று. ஆசையாகத் தின்றிருந்தால் கூடத் தேவலை. அவர் கணக்குப் போட்டுத் தின்றார். ஜாங்கிரி ஒன்று தின்றால் காலையில் மஞ்சள் வந்தது. கூடவே லட்டும் சேர்த்தால் அப்பட்டமான செங்கல். லட்டில் பாதியைக் குறைத்துப் பார்த்தார். சாயத் தொட்டியில் பொடியைக் கூட்டிக் குறைப்பது மாதிரி வயிற்றில் சர்க்கரையைக் கூட்டிக் குறைத்தார். அவருடைய முப்பது வருஷத் தொழில் திறமை முழுவதும் இப்படிச் செலவானது.

ஒரு நாள் கலர் வரும், ஆனால் அண்டா சூடாவதற்குள் வண்டல் இறங்கிவிடும். மறுபடியும் மிட்டாய்க் கடை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குழாயும் அண்டாவும் ஒன்றாகக் கொதித்தன. நூலை வெளியே எடுத்து வெயிலில் பிடித்தார். மாம்பழத்துக்கும் செங்கலுக்கும் நடுவே, உள்ளிருந்து வெளிச்சம் அடிக்கிற அதே கலர்.

பூவராகவன் கும்பிட்டார். அன்றைக்கே வடிவு அவர் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் எறும்பு மொய்த்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்களுக்காக நானும் சோத்த வுட்டேனே,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டையைத் தண்ணீரில் நனைத்தாள்.

அவர் தலை குனிந்தபோதுதான் தன் இடது காலைக் கவனித்தார். அண்டாவின் விளிம்பு என்றைக்கோ இடித்த விரல். சின்னக் காயம்தான், ஆறிவிடும் என்று விட்டிருந்தார். அது கறுத்து வீங்கியிருந்தது.

டாக்டர் காயத்தைப் பார்த்தார், காலையில் காய்ச்சிய கலரையெல்லாம் விசாரித்தார், கடைசியில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“சக்கரைய கொறைக்கிறதுக்குத்தான்யா வூட்லயே பாத்துக்கச் சொன்னேன். கலர் வரணும்னு சக்கரைய ஏத்தின ஆள என் சர்வீஸ்ல இப்பத்தான் பாக்கறேன்!”

“பொண்ணு கல்யாணம் டாக்டர்.”

“கல்யாணத்துக்கு நடந்து போகணுமா வேணாமா? அந்த விரல எடுத்தாத்தான் பாதம் தப்பிக்கும்.”

எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அம்சவேணி கஞ்சி கொண்டுவந்தாள். கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கோசரந்தானே நைனா இது? நான் கேட்டேனா? நிச்சயத்துக்கு முன்னாடியாவது சொல்லிடு. போனாப் போவட்டும் அந்த வரன்.”

“சொல்றேம்மா,” என்றார். சொல்லவில்லை. முருகேசன் பழக்கூடையோடு பார்க்க வந்தபோது, “கால்ல கல்லு வுழுந்துடுச்சி,” என்றார். அது அவருடைய கடைசிப் பொய்.

நிச்சயதார்த்தம் பூவராகவன் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளை அதற்கு வருகிற வழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை. சபையில் தட்டு மாற்றினார்கள். தறியிலிருந்து அறுத்து இரண்டு நாளே ஆன கூறைப் புடவையை விரித்துக் காட்டியதும் பெண்கள் கூட்டம் ‘அம்மாடி’ என்றது.

“இன்னா கலருங்க இது? பேரு இன்னா?” என்று யாரோ கேட்டார்கள்.

“பேரு இல்லீங்க,” என்றார் பூவராகவன்.

நீலாம்பாள் புடவையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு யாரும் பார்க்காதபடி எழுந்து பின்கட்டுப் பக்கம் போனாள்.

பூவராகவனுக்கு நெஞ்சை அறுத்தது. என்ன ஒரு வெள்ளை மனசு! அதைப் போய் ஏமாற்றினோமே! எதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம் என்று கூடத் தெரியாமல் நிற்கிறாளே! போன விரல் போகட்டும். இந்தப் பாவத்தை மகள் தலையில் சீதனமாக ஏற்றி அனுப்பக்கூடாது. இப்போதே சொல்லிவிடுவது. தட்டைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவது. அம்சவேணி முதல் நாளே சொன்னாள். அப்போதே கேட்டிருந்தால் நடந்தே போய்ச் சொல்லியிருக்கலாம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் கிணற்றடிக்கு வந்தார்.

“சம்பந்தியம்மா, உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். அந்தக் கலரு…”

“வேணாம் அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க,” நீலாம்பாள் கைகூப்பினாள். “சொல்லவேண்டியது நாங்கதான். சொல்லிக்காம மறைச்சிடலாம்னுதான் அன்னிக்கு வந்தோம். உங்க ஜன்னல்ல அந்தக் குழாயப் பாத்ததும் எனக்கு அடையாளம் தெரிஞ்சிப்போச்சு. தெனம் காலையில எங்க வூட்ல நான் காய்ச்சற குழா ஆச்சே, எனக்குத் தெரியாதா?”

பூவராகவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் கைமாறி, வெற்றிலை பாக்கை மஞ்சள் துணியில் முடிந்தாகிவிட்டது.

“உங்க வூட்லயா? யாருக்கும்மா?”

“தெரியாத மாதிரியே கேக்கறீங்க பாத்தீங்களா, அதான்ணே உங்க மனசு! எம்புள்ள பன்னண்டு வயசுலேருந்து சக்கரைக்குத் தெனம் ஊசி போட்டுக்கினுதான் உசுரோட இருக்கான்னு எப்படியோ தெரிஞ்சிக்கினும், ஒரு வார்த்த குத்திக் கேக்காம, அதே கலரக் காட்டி உங்க பொண்ணுக்கு இதான் கல்யாணப் பொடவைன்னு சொன்னீங்களே!”