சாதாரணமாகப் பேசுவது எப்படி

ஆலோசகர் வந்து உட்கார்ந்ததும் பக்கத்து மேஜையில் இரண்டு நாற்காலிகள் சத்தமில்லாமல் நகரப் பார்த்து, பெருஞ்சத்தத்தோடு நகர்ந்தன.

தொலைக்காட்சி நிலையத்தின் உணவுக்கூடத்தில் இது தினப்படி நடப்பதுதான். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. தொடர்களில் பார்வையற்றவர்களை அழுமூஞ்சிகளாகவே காட்டுகிறார்கள் என்று வருடக்கணக்காக எழுதி எழுதிச் சண்டை போட்டதில், கடைசியில் நிலையமே அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. வந்த வேகத்தில் ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்தார். கேட்காமல் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இன்னார் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். 'ஐயோ பாவம்' வேண்டவே வேண்டாம். எல்லாரும் அக்கறையாகக் கேட்டார்கள். எங்கே தப்பாக எதையாவது சொல்லித் தொலைப்போமோ என்று அன்றிலிருந்து அவரிடம் வாயே திறக்கவில்லை.

ஃபோன் அடித்தது. அக்கா.

"சாப்பிட்டியாடா? யாரோட?"

"எல்லாரோடயும்தான்க்கா. ஒரே சத்தம், அப்புறம் பேசறேன்," என்றார், ஸ்பூன் விழுந்தால் கேட்கும் அமைதியில்.

மேலாளரிடம் போனார். "சார், எல்லாரையும் என்கிட்ட சாதாரணமாப் பேசச் சொல்லுங்களேன்."

"சொல்லிட்டாப் போச்சு!"

மறுநாள் செய்தி ஆசிரியர் வந்து நின்றார். "வணக்கம். நான் செய்தி ஆசிரியர். உங்ககிட்ட சாதாரணமாப் பேசலாமா?"

"தாராளமா."

நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. "நன்றி," என்று போய்விட்டார்.

மறுபடி மேலாளர். இந்த முறை ஒரு நாளைக்கு ஒரு பிரிவு அவரோடு சாப்பிட வேண்டும் என்று உத்தரவு. கணக்குப் பிரிவு வந்தது, மென்றது, போனது. படத்தொகுப்பாளர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள், அதுவும் முறை வைத்துக்கொண்டு.

"இந்த ஏற்பாடெல்லாம் வேணாம் சார், விட்டுடுங்க."

"புரிஞ்சுபோச்சு! நான் பார்த்துக்கறேன்."

அதற்கப்புறம் ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. தனியாக இருக்கும் வீட்டிலும் பேச்சுத்துணைக்குச் சுவர், இங்கேயும் சுவர் என்று ஆனது.

பிறகு ஒரு நாள் டிபன் பாக்ஸ் ஒன்று மேஜையில் 'ணங்'கென்று வந்து விழுந்தது.

"வழியை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே சார், கண்ணு தெரியலையா?"

"தெரியாதும்மா. நிஜமாவே."

"அட! அப்ப நான் சொல்றேன், இடது பக்கமா தள்ளுங்க. நான் மேக்கப் போடறவ. இதென்ன அட்டை? 'ஆலோசகரின் தனிமைக்கு மதிப்பளிக்கவும்'. நீங்களா வெச்சீங்க?"

மேலாளர் பார்த்துக்கொண்ட லட்சணம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "நான் வெக்கல."

"மேஜை வேற ஆடுது. மடிச்சுக் கால்ல சொருகிடறேன்."

அதிலிருந்து தினமும் வந்தாள். அவர் டப்பாவில் கேட்காமலே கை வைத்தாள்.

"இந்தச் சட்டை யாரு வாங்கிக் குடுத்தது?"

"எங்க அக்கா."

"உங்க மேல ஏதாவது கோவமா?"

ஆலோசகர் புரையேறச் சிரித்தார். ஃபோன் அடித்தது.

"அக்கா, மேக்கப் போடறவங்களோட சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அப்புறம் பேசறேன்." முதல் தடவையாக அது உண்மை.

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒருத்திக்காவது உறைத்திருக்கிறதே!

"ஏம்மா, இத்தனை பேர்ல உங்களுக்கு மட்டும் எப்படி என் வகுப்பு இவ்வளவு நல்லாப் புரிஞ்சுது?"

"வகுப்பா? அன்னிக்கு நான் லீவு சார்," என்றாள் அவள், வாய் நிறைய மென்றபடி. "விட்டுப்போனவங்களுக்கு நாளைக்கு வெக்கறீங்களாமே, அதுக்குத்தான் பேர் குடுத்திருக்கேன்."