பதினேழு நாற்காலிச் சீட்டுகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் இரத்த அழுத்தமும் அத்தானின் புது முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். இங்கே சொன்ன பேச்சைக் கேட்பவர் ஒருவரும் இல்லை. இந்த உறைக்குள் என் ராஜினாமா இருக்கிறது. அத்தான் சாப்பிட்டு முடித்த பிறகு கையில் கொடு.

"ரெண்டு நாள் மாநாடு, ரெண்டாயிரம் பேர் வருவாங்க. தொண்டர்களைச் சேக்கற வேலை மட்டும் நீ பாத்துக்கோ மச்சான்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் சொன்னபோது அந்த 'மட்டும்' எனக்கு உறைக்கவில்லை. மண்டப மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நாற்பது தொண்டர்களின் கையெழுத்து அவர் மேசையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதே தேதியைப் பாத்திரக் கண்காட்சிக்குக் கொடுத்துவிடுவார். தாயம், சதுரங்கம் என்று ஆறு வருடமாக அத்தான் கனவு கண்ட பலகை விளையாட்டு மாநாடு வாணலிக்கும் குக்கருக்கும் போய்விடும்.

அத்தானின் விளையாட்டுச் சங்கத்தில் நூற்று முப்பது பேர் இருக்கிறார்களே, நாற்பது பேர் கிடைக்க மாட்டார்களா என்று அறிவிப்பு ஒட்டினேன். வந்தார்கள். என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டால், அத்தனை பேரும் விளையாடிக் காட்டுகிறோம் என்றார்கள். தபால்காரர் ஒருவர், "நாற்காலி தூக்கறதுல யோசிக்க என்ன சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். தொண்டர்களுக்கு ஒரு பக்கம் விதிமுறை எழுதிக் கொடுத்தேன். அதை மூன்று நாள் படித்துவிட்டு, மூன்றாம் விதியும் ஏழாம் விதியும் முட்டுகின்றன என்று பதினோரு பேர் தனித்தனியாகக் கடிதம் எழுதினார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தது இருபத்திரண்டு பேர்.

அப்புறம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எடைக்கல் சோதிக்கும் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் இல்லையா, எல்லாம் சமமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி ஆளுக்கு ஐந்து கொடுத்தேன். நாற்காலி, வாசல், குப்பை, தொலைந்த பொருள், நடுவில் மூச்சு விட ஒரு தேநீர். கொடுத்துவிட்டு நகல் எடுக்கப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினால், அறை சந்தையாகிக் கிடக்கிறது. "ரெண்டு குப்பை தரேன், ஒரு டீ குடுங்க." "வாசல் வேணாம், நாற்காலி இருக்கா?" நம் பல் மருத்துவர் அம்மா இருபத்திரண்டு தேநீரையும் வளைத்துவிட்டார். இரண்டு நாளும் அவருக்கு டீ குடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வாயே திறக்காத வங்கிக் குமாஸ்தா பதினேழு நாற்காலிச் சீட்டை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு பெருமையாக நிற்கிறார். "இவ்வளவு நாற்காலிய ஒரே ஆளா எப்படிங்க தூக்குவீங்க?" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "தூக்கணுமா? சேக்கணும்னுல்ல நெனச்சேன்."

சீட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பல் மருத்துவர், "ஆட்டம் நடக்கும்போது சீட்டைப் பிடுங்கலாம்னு உங்க விதியில எங்கயும் இல்லையே சார்" என்றார். "இது ஆட்டம் இல்லம்மா, வேலை" என்றேன். இருபத்திரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

இன்று புதன்கிழமை. இன்னும் பதினெட்டு கையெழுத்து வேண்டும். வீட்டில் மனைவியிடம் புலம்பினால், "உங்க அக்காவுக்கு எழுதுங்க, என்னை விடுங்க" என்கிறாள். எனக்கு அழுகையே வருகிறது அக்கா. மனுஷன் என்னை நம்பித்தானே காலை நீட்டிப் படுத்திருக்கிறார், அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல். என்னால் முடியவில்லை.

நீ உப்பைக் குறை. அத்தான் மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள். தோற்றுப்போனவனாக இருந்தாலும் உன் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சாயங்காலம் குமாஸ்தா, நாற்காலிகளைத் தள்ளிவிட ஆள் வேண்டுமென்று தன் மனைவியையும் மச்சினியையும் அலுவலகத்தில் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "மாத்தணும்னா முதல்ல கையெழுத்து" என்று சும்மா சொல்லிவைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஊர் திரண்டுவிட்டது. நாற்பத்தாறு கையெழுத்து. என்ன சத்தம் என்று பார்க்க வந்த மண்டப மேலாளரே இரண்டு வாசலுக்காக ஒரு குப்பையை விட்டுக்கொடுத்தார். ஆகவே ராஜினாமாவை எடுத்துக் கிழித்துவிட்டேன். என் கையில் இப்போது ஐந்து தேநீர் இருக்கிறது. ஐந்தாவதைப் பல் மருத்துவரிடமிருந்து வாங்க ஒன்பது நாற்காலி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதை உன் பெயரில் எடுத்திருக்கிறேன். மாநாடு தொடங்கும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடு. அத்தானையும் அழைத்து வா, உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. கையெழுத்துக்காக நீ முன்னாடியே வர வேண்டாம். உன் கையெழுத்து எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே நன்றாக வரும்.