கூட நடந்தால்தான் ஊதுவார்

தூத்துக்குடிக் கவிஞர்களில் ஒருவருக்குக்கூடத் தொப்பை கிடையாது. கடல் காற்றும் காரணமில்லை, வறுமையும் காரணமில்லை. கிளாரினெட் அண்ணாச்சிதான் காரணம். இருந்த தொப்பைகளையும் அவர் கரைத்துவிட்டார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. முத்தையாபுரத்துக்காரர். மணப்பாட்டுத் திருவிழாவானாலும் திருச்செந்தூர்க் காவடியானாலும் ஊர்வலத்துக்கு முன்னால் நடந்துகொண்டே ஊதுவது தொழில். புதுப் பாட்டு என்று போய் நின்றால் மெட்டைக் கேட்கமாட்டார், வரியைத்தான் கேட்பார். அதையும் எழுதியவனே அவரோடு நடந்துகொண்டு சொல்ல வேண்டும். மூச்சு வாங்கி நடுவில் ஒரு சொல் உடைந்தால் பாட்டு தள்ளுபடி.

துறைமுகத்தில் ஒப்பந்த வேலை எடுக்கும் ஒருவர், பகுதிநேரக் கவிஞர், தம் மணிவிழாவுக்குத் தம்மைப் பற்றித் தாமே ஒரு பாட்டு எழுதி எடுத்து வந்தார். அண்ணாச்சி அவரைத் துறைமுகச் சாலையில் வெயிலில் நடத்திக் கூட்டிப் போனார். ஒரு வரி முடிவதற்குள் இரண்டு உப்பு லாரிகள் கடந்து போயின. மனிதர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து சர்பத் கேட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. கூட ஒரு ஆம்புலன்ஸ் வந்தா ஊதிரலாம்" என்றார் அண்ணாச்சி.

சினிமாப் பாட்டுக்கும் இதே சட்டம்தான். ஒரு மாப்பிள்ளை அழைப்பில், ஊரே ஆடும் ஒரு துள்ளல் பாட்டை ஊதச் சொல்லி மாப்பிள்ளையின் நண்பர்கள் நெருக்கினார்கள். வரியைச் சொல்ல வைத்துக் கேட்டார். பிறகு மாப்பிள்ளையின் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, அது காதலி ஏமாற்றிவிட்டுப் போனதற்கு ஒருவன் புலம்பும் பாட்டு என்றும், தாலி கட்டும் வரையாவது பொறுக்கலாம் என்றும் சொன்னார். ஊரில் எத்தனையோ கல்யாணங்களில் அதற்கு ஆடியவர்கள் அன்றுதான் வரியைக் கவனித்தார்கள்.

கவிதை எழுதும் எனக்கும் அவருக்கும் டீக்கடையில் ஓயாத சண்டை. மெட்டு வேறு, கவிதை வேறு, கவிதைக்குக் கால் எதற்கு என்பது என் கட்சி. தாளமும் வரியும் ஒரே காலில் பிறந்தவை, நடக்கத் தெரியாதது இரண்டிலும் சேராது என்பது அவர் கட்சி. உட்கார்ந்து வாசிக்கும் வித்வான்கள் என்ன செய்வார்கள் என்று ஒருநாள் மடக்கினேன்.

"அவங்களுக்கு உக்காந்து எழுதுத உன்னை மாதிரி ஆளு போதும்லே" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த முந்திரி மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வாதத்தில் அவரை வென்றவர் கிடையாது, மக்ரூனைக் காப்பாற்றியவரும் கிடையாது.

என் தங்கை கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் நான் வகையாக மாட்டிக்கொண்டேன். அப்பா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கோமதி நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அவளை அழைத்துப் போகும்போது அப்பாவைப் பற்றி அண்ணன் எழுதிய பாட்டை அண்ணாச்சி ஊத வேண்டும், அவ்வளவுதான். அப்பாவும் கூட வருகிற மாதிரி இருக்கும் என்றாள்.

எழுதிக்கொண்டு போனேன். நடத்தினார். தள்ளுபடி. மறுபடி எழுதினேன், மறுபடி தள்ளுபடி. அப்பாவை மலை என்றேன், கடல் என்றேன், கலங்கரை விளக்கம் என்றேன். அவ்வளவையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, உங்கள் அப்பா என்னதான் செய்வார் என்று கேட்டார். பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை வாசலில் நிற்பார் என்றேன். அதை எழுதச் சொன்னார். எழுதியதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன், மூச்சு முட்டவில்லை. கடைசி வரி இதுதான்: 'வாசலில் நிற்கிறார் அப்பா'.

கல்யாணத்தன்று தவில் முன்னால் போக, அண்ணாச்சி ஊதிக்கொண்டே நடந்தார். வரிக்கு வரி சொல்லாகவே கேட்டது. அத்தைமார் கண்ணைத் துடைத்தார்கள். மண்டப வாசல் வந்தது, கடைசி வரியும் வந்தது. அண்ணாச்சி சட்டென்று கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தவிலும் நின்றது. கோமதியின் முகம் வெளிறிப் போயிற்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேறு வழியில்லை, பாடினேன். என் குரல் பாட்டுக்கு ஆகாது என்பது உலகறிந்த விஷயம். 'வாசலில் நிற்கிறார்' வரை எப்படியோ வந்துவிட்டேன். 'அப்பா' என்று சொன்னதும் குரல் உடைந்துவிட்டது. அந்த இடத்தில் கிளாரினெட் மெல்ல உள்ளே வந்து, மீதி மெட்டைத் தான் வாங்கிக்கொண்டு முடித்தது. கோமதி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே படியேறினாள்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் நிறுத்தினீர்கள், மூச்சு முட்டிவிட்டதா என்று கேட்டேன்.

"என் மூச்சுக்கு என்னலே குறை. அப்பான்னு பிள்ளைதான் கூப்பிடணும். நான் ஊதிக் கூப்பிட்டா அந்த மனுசன் எப்படித் திரும்பிப் பாப்பாரு" என்றார். சொல்லிவிட்டு என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டார்.

அப்பா போனபின் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்க யார் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அது அந்தப் பந்தியோடு போயிற்று.