வயர் இல்லாத வரவேற்புப் பொம்மை

படித்தவன் செய்கிற முட்டாள்தனம் கெட்டியானது. மற்றவர்கள் செய்தால் நாலு பேர் தடுப்பார்கள். படித்தவன் செய்தால், ஏதோ காரணம் இருக்கும் என்று ஒதுங்கிக்கொள்வார்கள். கடலூரில் பல்லாண்டு இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நான், பேத்தி கல்யாணத்தில் அப்படி ஒன்றைச் செய்தேன்.

கல்யாணம் சிதம்பரத்தில். மண்டப வாசலில் கும்பிட்டுப் பன்னீர் தெளிக்கும் பொம்மை வைப்பார்களே, அதை நானே செய்கிறேன் என்று அறிவித்தேன். சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்னக் கணினி; குனியவும் தெளிக்கவும் மோட்டார்கள்; பேச ஒரு ஸ்பீக்கர். கணினி விழித்ததும் முதல் வேலையாக ஒருமுறை வரவேற்க வேண்டும், அப்புறம் ஆள் வந்தால் மட்டும் என்று நிரல் எழுதினேன். வீட்டில் பிளக்கில் மாட்டிப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது.

"மண்டபத்து வாசல்லயும் பிளக் இருக்குதேப்பா" என்றான் மகன்.

"வயர் தடுக்கி சம்மந்தி விழுந்துட்டா?" என்றேன். (சம்மந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, சேத்தியாத்தோப்புக்காரர். மூக்குக்கு மேல் கோபம். மரியாதை இம்மி குறைந்தாலும் வண்டியைத் திருப்பிவிடுவார் என்று பெயர்.)

ஆகவே லித்தியம் பேட்டரி. கடைக்காரரிடம் எது நல்லது என்று கேட்டேன்.

"எதுல நம்பர் ஜாஸ்தியோ அதான் சார் நல்லது."

நானும் தலையாட்டினேன். அந்த நம்பர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்வது. ஒரே சமயத்தில் எவ்வளவு மின்சாரம் தரும் என்பது வேறு சங்கதி. நான் வாங்கியது தொட்டி பெரிது, குழாய் குண்டூசி. (இந்தப் பாடத்தை நடத்தித்தான் சம்பளம் வாங்கினேன்.)

முதல் கும்பிடு சம்மந்திக்கே என்று, அவர் கார் வந்து நின்றபோதுதான் பேட்டரியைச் செருகினேன். யாரும் நோண்டாமலிருக்க முதுகு மூடியைப் பசை போட்டு ஒட்டினேன்.

"வாங்க, வாங்க!" பொம்மை கும்பிட்டது. தெளித்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ததில் பேட்டரி திணறிக் கணினி அணைந்தது. சற்று நேரத்தில் தானாக விழித்தது. விழித்ததும் முதல் வேலை?

முகத்தைத் துடைத்துக்கொண்டு அடியெடுத்து வைத்த சம்மந்திக்கு இரண்டாம் வரவேற்பு. ஒதுங்கி நின்றார். பொம்மையும் அடங்கி நின்றது. நம்பி நகர்ந்தார். "வாங்க, வாங்க!" மீசையிலிருந்து பன்னீர் சொட்டியது.

மேல்பட்டாம்பாக்கத்து மச்சான் வயரைத் தேடித் தரையில் தவழ்ந்தார். "மாமா, எத புடுங்கறது? வயரே காணுமே!"

"வயரே கிடையாது" என்றேன். (அந்த நேரத்திலும் பெருமையாகத்தான் சொன்னேன்.)

"கூப்ட்டு வெச்சு அவமானப்படுத்துறீங்களா?" சம்மந்தி வேட்டியை மடித்துக் கட்டினார். "எட்றா வண்டிய!"

மகன் கையெடுத்துக் கும்பிட்டான். மாப்பிள்ளை தன் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஜன்னலில் பேத்தியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவள் கல்யாணத்தை நான் வாசலோடு முடித்துவிட்டேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

"வாங்க, வாங்க!" என்றது பொம்மை.

சம்மந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க போறீங்க? நம்ம ஊட்டுலயே உங்கள யாரும் இத்தினி வாட்டி வாங்கன்னு கூப்ட்டதில்ல. பேசாம உள்ள வாங்க."

நாதஸ்வரக்காரர் சிரித்ததில் வாசிப்பு நின்றுபோனது. சம்மந்தி பொம்மையை முறைத்தார், மனைவியை முறைத்தார். உதடு துடித்தது. சிரிப்புத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பொம்மையைத் தூக்கிப்போய்ச் சமையல் சாமான் அறையில் அடைத்தோம். அங்கே பூசணிக்காய்களை வரவேற்றுக்கொண்டிருந்தது.

இப்போது பேத்தியைப் பார்க்கச் சேத்தியாத்தோப்பு போனால், சம்மந்தி சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வருகிறார். "வாங்க, வாங்க!" என்று குனிந்து கும்பிட்டு என் முகத்தில் தெளிக்கிறார். பிறகு கண்ணை மூடித் தலையைத் தொங்கப்போட்டு அசையாமல் நிற்கிறார். முடிந்ததென்று நான் காலெடுத்து வைத்தால் விழித்துக்கொள்கிறார். தெருவே வேடிக்கை பார்க்கிறது. தண்ணீர் தீரும்வரை நானும் வாய் திறக்காமல் நிற்கிறேன், அது நியாயம்தான்.

போன தடவை குடத்தோடு வந்திருந்தார்.