எந்த ரைட்டு?

ஒரு இங்கிலீஷ் சொல்லின் மீது வழக்குப் போட சட்டத்தில் இடம் இருந்திருந்தால், சிங்கப்பூரின் முதல் வழக்கை எங்கள் ரைட்டுக்காரர்தான் போட்டிருப்பார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று சம்பளப் புத்தகத்தில் இருந்தது. பஸ் டிப்போவில் அந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த டிப்போவில் கிராணி, அதாவது குமாஸ்தா. இருபத்தாறு வயது. கையெழுத்து நன்றாக இருந்ததால் புகார்க் கடிதங்கள் எழுதுவது என் வேலை. இங்கிலீஷ் தெரியாத கண்டக்டர்களுக்கும், தமிழ் தெரியாத வெள்ளைக்கார மேனேஜருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதும் என் தலையில் விழுந்தது. ரைட்டுக்காரர் சிராங்கூன் ரோட்டிலிருந்து டோபி காட் வரை போகும் பஸ்ஸில் கண்டக்டர். நாற்பத்தேழு வயது, ஒட்டடைக் கம்பு மாதிரி உடம்பு. அந்த உடம்பிலிருந்து எப்படித்தான் அப்படிப்பட்ட குரல் வந்ததோ தெரியாது. அவர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி “ரைட்” என்றால், முன்னால் போகிற பஸ்ஸும் சேர்ந்து கிளம்பும் என்பார்கள்.

அந்தக் குரல்தான் வினையாயிற்று. ஒரு நாள் டிப்போ சந்துக்குள் பஸ்ஸைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார் மலாய்க்கார டிரைவர் மாட். இவர் பின்னால் நின்று, வரலாம் வரலாம் என்கிற அர்த்தத்தில் “ரைட், ரைட்” என்றார். மாட் நல்ல மனிதர், சொன்னதைச் செய்பவர். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். பின்சக்கரம் இரண்டும் பெரிய சாக்கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

விசாரணை நடந்தது. மேனேஜர் பேனாவைத் திறந்து, “ரைட் என்று சொன்னாயா?” என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

“சொன்னேன். அதுக்கு வண்டி வரலாம்னு அர்த்தம். வலது பக்கம் ஒடிக்கச் சொல்லல. பதினோரு வருஷமா அந்தச் சொல்லத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு மட்டும் அது எப்படி வலது பக்கம் ஆச்சுன்னு மாட்கிட்டயே கேளு” என்றார் ரைட்டுக்காரர்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பயந்துபோய், “எஸ் சார்” என்றேன்.

“இஸ் தட் ரைட்?” என்றார் மேனேஜர்.

“சரியான்னு கேக்குறார்ணே.”

“எது சரியான்னு? நான் சொன்னதா, மாட் செஞ்சதா?”

“எஸ் சார்” என்றேன் மறுபடியும்.

“ரைட்” என்று சொல்லி மேனேஜர் ஃபைலை மூடினார்.

“இப்ப என்ன சொல்றாரு?”

“முடிஞ்சதுங்கிறார்ணே. உங்களுக்கு ஏழு நாள் வேலை கிடையாது.”

வெளியே வந்து மாமரத்தடியில் நின்றதும் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். “திரும்புறதுக்கும் ரைட்டு, போறதுக்கும் ரைட்டு, சரிங்கிறதுக்கும் ரைட்டு, உன் கதை முடிஞ்சது கெளம்புங்கிறதுக்கும் ரைட்டு. ஒரு சொல்லு எத்தன வேலதான் பாக்கும், கிராணி? எனக்கே ஒரு வேலதான் குடுத்திருக்கான். அதையும் ஏழு நாளைக்குப் புடுங்கிட்டான்.”

அந்த ஏழு நாளும் அவர் வீட்டில் இருக்கவில்லை. தினமும் காலையில் ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, அகராதியை எடுத்து அந்தச் சொல்லுக்குப் போட்டிருப்பதையெல்லாம் வாசிக்கச் சொன்னார். வலது, சரி, நியாயம், நேர், உரிமை என்று நான் வாசிக்க வாசிக்க அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது.

“உரிமையா? அப்ப நம்ம யூனியன்காரன் மைக்குல ரைட்டு ரைட்டுன்னு கத்துறானே, அதுவும் இதுதானா?”

“அதுவும் இதுதாண்ணே.”

அடுத்த யூனியன் கூட்டத்தில், நமது ரைட்டை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று செயலாளர் மேஜையைக் குத்தியதும் இவர் எழுந்து நின்றார். “எந்த ரைட்டு? வெவரமா சொல்லிட்டுக் குத்துங்க.” செயலாளர் விளக்க ஆரம்பித்தார். இவர் குறுக்கே கேட்டார். அன்று நிறைவேற வேண்டிய தீர்மானம் அடுத்த மாதம்தான் நிறைவேறியது.

அடுத்தது நான் மாட்டிக்கொண்டேன். அவருடைய லீவு மனுவை நிரப்பும்போது, இங்கே ரைட் பண்ணுங்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“எழுதுறதுக்கும் ரைட்டா?”

“அது ஸ்பெல்லிங் வேறண்ணே.”

“காதுக்கு ஸ்பெல்லிங் தெரியுமா, கிராணி?”

 

வேலைக்குத் திரும்பிய அன்றே அந்தச் சொல்லை விட்டுவிட்டார். இனி “ஜாலான்” என்றுதான் கத்துவேன் என்றார். மலாயில் ஜாலான் என்றால் போ. சீனருக்கும் புரியும், தமிழருக்கும் புரியும், டிரைவர் மாட்டுக்கோ அது தாய்மொழி. சிக்கல் என்னவென்றால், சாலைக்கும் மலாயில் ஜாலான்தான் பெயர். அவருடைய பஸ் போகும் வழியிலேயே ஜாலான் புசார் இருந்தது. தேக்கா நிறுத்தத்தில் இவர் “ஜாலான்” என்று கத்தியதும் ஜாலான் புசாருக்குப் போக வேண்டியவர்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். கோழிக்கூடையோடு வந்த ஒரு சீன அம்மா ஒரே பயணத்தில் மூன்று தடவை இறங்கி மூன்று தடவை ஏறினார்.

“அண்ணே, இதுக்கும் ரெண்டு அர்த்தம் இருக்கே” என்றேன்.

“ரெண்டுதானே. ரெண்ட நான் சமாளிச்சுக்குவேன். அந்த ரைட்டுப் பயலுக்கு இருபது இருக்கு லா.”

சமாளிக்கவும் செய்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் “ஜாலான், புசார் இல்ல” என்று கத்தினார். அசல் ஜாலான் புசார் வந்ததும் “ஜாலான் புசார்” என்றார். அதில் முதல் பாதியைக் கேட்ட மாட் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இறங்க நின்றவர்கள் அடுத்த நிறுத்தம் வரை இவரைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். இவரும் அவர்களோடு சேர்ந்து இங்கிலீஷைத் திட்டினார். ஒரு மாதத்தில் பஸ் பழகிவிட்டது, ஜனங்களும் பழகிவிட்டார்கள்.

இப்படி இரண்டு வருடம் ஓடிய பிறகுதான் அந்த விபத்து. டிரைவர் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று புது டிரைவர் ஒருவர் வந்திருந்தார். தேக்கா மார்க்கெட் அருகே ஒரு பெண் காய்கறிக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தபோது பஸ் நகர்ந்துவிட்டது. விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. கண்டக்டர் ரைட் என்றார், எடுத்தேன் என்று டிரைவர் எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் ரைட்டுக்காரர் கைக்கு விசாரணைக் கடிதம் வந்தது. நான் வாசித்தேன். கம்பெனிக்கு அவரை வேலையிலிருந்து நீக்க ‘ரைட்’ உண்டு என்று அதில் இருந்தது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “நான் அந்தச் சொல்லச் சொல்லவே இல்லையே, கிராணி” என்றார் மெல்ல. நாலு பிள்ளைகள் அவருக்கு. மூத்த பெண் அந்த வருடம்தான் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்திருந்தாள்.

விசாரணையில் அதே மேனேஜர், அதே பேனா, நடுவில் அதே நான். ரைட்டுக்காரர் சொன்னதை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். மேனேஜர் நம்பவில்லை. இரண்டு வருடமாக ஒரு கண்டக்டர் ரைட் என்றே சொல்லாமல் பஸ் ஓடியதா என்று சிரித்தார். 

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே வந்தார். பெயர் மேரி. கையில் மாவுக்கட்டு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் யாரோ விஷயத்தைச் சொல்ல, நேராக வந்திருந்தார்.

“அடிபட்டது எனக்கு. என்னைக் கேக்காம நீங்களா என்ன விசாரிக்கிறீங்க?” என்று ஆரம்பித்தார். “இவரு ரைட்டுன்னு சொல்ற ஆளே இல்ல. ஜாலான் ஜாலான்னு கத்தி எங்க காதச் செவிடாக்குறவரு. அன்னைக்கு இவரு ‘நில்லு, நில்லு’ன்னுதான் கத்துனாரு. டிரைவருக்குப் பின்னாலேயே கோட்டு போட்ட ஒருத்தரு பக்கத்துல இருந்தவர்கிட்ட ஆல்ரைட் ஆல்ரைட்டுன்னாரு. தமிழ் தெரியாத டிரைவரு அதக் கேட்டு எடுத்துட்டாரு. நானே சொல்றேன், எழுதிக்குங்க.”

அத்தனையையும் மொழிபெயர்த்தேன். மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “ஆல்ரைட். சோ ஹி வாஸ் ரைட்?” என்றார்.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். “சார், எந்த ரைட்? ரைட் என்று கத்தினார் என்கிறீர்களா, அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்கிறீர்களா? அதை நீங்கள் எழுதிக்கொடுத்தால்தான் நான் மொழிபெயர்ப்பேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் அவர் சொன்னதை நான் விழுங்கிவிட்டேன். அந்த ஃபைலையும் திருத்த வேண்டும்.”

அந்த மனிதரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் கன்றிப்போயிற்று. பேனாவைத் திறந்து, கண்டக்டர் மீது குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல ஃபைலை மூடிக்கொண்டே “ரை” வரை வந்தவர், எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, “குட்” என்று முடித்துக்கொண்டார்.

மேரி அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு, நானும் ரைட்டுக்காரரும் சாப்பிடப் போனோம். இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் நான்தான் ஆரம்பித்தேன்.

“அந்த ஏழு நாள் என்னாலதாண்ணே. நீங்க சொன்னத நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நான் அவ்வளவு நேரம் பேசுனேன். நீ ரெண்டே சொல்லுல முடிச்ச. இங்கிலீஷ் எவ்வளவு சுருக்கமா இருந்தாலும் அவ்வளவு சுருக்கமாவா இருக்கும்?”

“அப்புறம் ஏண்ணே என்னை ஒரு வார்த்த திட்டல?”

அவர் தன் இலையிலிருந்த வடையைப் பிட்டுப் பாதியை என் இலையில் வைத்தார். “திட்டுறதுக்கு எனக்கு ஒரு சொல்லு கெடச்சிருந்துச்சு. உன்னையும் சேத்துத் திட்டிட்டா, அந்த ஆபீசுல நான் யார்கிட்ட போயி உக்காந்து பேசுறது?” என்று சொல்லிவிட்டு, ரசம் ஆறிப்போயிருப்பதாகப் பரிமாறுகிறவரிடம் சண்டைக்குப் போனார்.

அதன் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை ஆறு வருடம், என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தினமும் என்னிடம் நியாயம் கேட்டார். அந்த ஆறு வருடம் எனக்குப் போதவில்லை.