ஆணை பிறப்பித்த அண்ணல் ஒரு சிகரெட் வேண்டி நின்ற படலம்

வாழ்க, இளையோர் புகையொழிப்புத் துறையின் இணை இயக்குநர்! கோப்புக்கடல் நீந்திய கொற்றவர். சுற்றறிக்கை மாரி பொழியும் கார்முகில். மாணவர்தம் நுரையீரல் காக்கக் குழு அமைத்து, அக்குழுவைக் கண்காணிக்கத் துணைக்குழு அமைத்து, இரண்டுக்கும் தேநீர் வழங்க ஒப்பந்தப்புள்ளி கோரிய பெருந்தகை! அவர் ஆணையால் மின்சிகரெட் கடைகளை விட்டு அகன்று, பழவாசனை கமழப் பள்ளிக் கழிவறைகளில் குடியேறியது. அவர் ஆணையால் சிகரெட் பெட்டிதோறும் அழுகிய நுரையீரல் அச்சேறியது. சிறுவர்கள் அப்படங்களைச் சேகரித்துத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள்.

அத்தகைய அண்ணல், அன்று காலை காரிருளும் நாணும் கருஞ்சாயத்தைத் தலைக்கும் மீசைக்கும் பூசியவராய், பிற்பகலில் அலுவலக வாயில் கடந்து எதிர்ச்சாரிக் கடைமீது படையெடுத்தார். இன்னும் சற்று நேரத்தில் அமைச்சர் முன்னிலையில் துறையின் வெற்றி அறிக்கையை வாசித்தாக வேண்டும். ஒன்று இழுக்காவிட்டால் அவருக்கு நாக்கு புரளாது, பாவம்.

கல்லாவில் வீற்றிருந்த கடைக்கார அம்மாள் கண்ணாடியை இறக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தம்பி, வயசுக்கு அட்டை ஏதாவது வச்சிருக்கியா?"

தம்பி! அச்சொல் கேட்டு அண்ணலின் உச்சி குளிர்ந்தது. மறுகணமே வயிறு எரிந்தது. அட்டையோ வீட்டில், நேற்றைய சட்டைப்பையில் துயில்கொண்டிருந்தது.

"எனக்கு அம்பத்தஞ்சு வயசும்மா!" என்று, காலையில் பூசிய சாயமெல்லாம் வீணாக, வரிசை முழுவதும் கேட்க முழங்கினார்.

"போன வாரம் ஒருத்தன் அறுபதுன்னான்."

மார்பின் நரையைச் சான்றாக நிறுத்தச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இனிப் பொறுப்பதற்கில்லை என்று பிரம்மாஸ்திரத்தைக் கையிலெடுத்த பெருமகன், சுவரில் ஒட்டியிருந்த அரசாணையைச் சுட்டி, அண்டம் கிடுகிடுக்கக் கர்ஜித்தார்: "இந்தக் கையெழுத்தே என்னோடதுதான்!"

அம்மாள் எழுந்து போய் அதை ஒரு வரி விடாமல் படித்தாள். "அட்டை இல்லாம யாரு வந்து என்ன சொன்னாலும் குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீதான் எழுதினேன்னா நல்லாத்தான் எழுதியிருக்கே, தம்பி. கொஞ்சம் தள்ளிக்கோ, பின்னால ஆளு நிக்குது."

அந்தோ! கொடி சாய்ந்து, குடை கிழிந்து, தாம் வடித்த வாள் தம் கழுத்திலேயே இறங்கக் கண்டு, நாடெங்கும் தம் ஆணையை மதித்து நடப்பது இந்த ஒரே ஒரு கடைதான் என்பதும், அந்தக் கடை தம் அலுவலகத்துக்கு எதிரிலா வந்து வாய்க்க வேண்டும் என்பதும் நெஞ்சைப் பிளக்க, பொத்தான்களை மாட்டியபடியே வெளியேறினார் வீரர்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையனிடம் சிகரெட் வாங்கிக் குடித்தார்.