படையல் போத்தல்

போத்தலில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆம்புரோஸ் அதைக் கவிழ்த்துப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். காலிப் போத்தலை எப்படிப் பார்த்தாலும் அது காலியாகத்தான் இருக்கும் என்பது பல வருஷம் பட்லர் வேலை பார்த்தவனுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தான்.

சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கரபெட் துரையின் பங்களாவில் அவனுக்கு வேலை. துரை பார்வைக்கு வெள்ளைக்காரர், ஆனால் ஆர்மீனியர். அவரைக் கிளப்புக்குள் விடலாமா கூடாதா என்று வெள்ளைக்காரர்களுக்கே குழப்பம். அதனால் அவர் சாயங்காலங்களில் தனியாக வராந்தாவில் உட்கார்ந்து, தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் ஆம்புரோஸிடம் தன் ஊர்க் கதையைச் சொல்லுவார். ஊர்தான் கதையாக மட்டும் மிஞ்சியிருந்தது. சண்டை வருஷங்களில் அங்கே இருந்தவர்களை வெட்டியும் பாலைவனத்துக்கு விரட்டியும் தீர்த்துவிட்டார்கள். அப்பா, அம்மா, தம்பி தங்கைகள் ஒருவரும் மிச்சமில்லை என்றுதான் துரை நினைத்திருந்தார்.

போன வாரம் பினாங்கிலிருந்து ஆர்மீனியக் கோயில் பாதிரியார் சொல்லியனுப்பினார். கடைசித் தங்கை அனுஷ் உயிரோடு இருக்கிறாள், அநாதை விடுதியில் வளர்ந்தாள், அடுத்த மாதம் கப்பலில் வந்து இறங்குகிறாள்.

துரை சிரிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார். பிறகு படுக்கையறை அலமாரியில் பூட்டி வைத்திருந்த போத்தலைக் கொண்டுவந்து, சாப்பாட்டு அறையில் தன் அப்பா படத்துக்குக் கீழே வைத்தார். படத்துக்குத் தினமும் ஏற்றும் மெழுகுவத்தி அன்றைக்குப் போத்தலுக்கும் சேர்த்து எரிந்தது.

"ஆம்புரோஸ், இது எங்கப்பா காய்ச்சின கடைசிச் சரக்கு. எங்க வீட்டு முசுக்கொட்டைப் பழத்துல காய்ச்சினது. தங்கச்சி வந்தாத்தான் திறப்பேன். நீதான் பாத்துக்கணும்."

"சரிங்க தொர."

அந்த 'சரிங்க தொர'தான் இப்போது அவனை மாட்டிவிட்டது. போன வருஷம் ஒரு ஆசாமி சித்தப்பா மகன் என்று சொல்லிக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் தின்றுவிட்டு, வெள்ளிக் கரண்டிகளோடு மாயமானான். முதல் சந்தேகம் ஆம்புரோஸ் மேல்தான் விழுந்தது. பட்லர் குடியிருப்பைச் சோதனை போட்டார்கள். அவன் பெண்டாட்டி ரோசம்மாவின் அரிசிப் பானைக்குள்கூடக் கை விட்டுப் பார்த்தார்கள். இன்னொரு பொருள் காணாமல் போனால் வேலையும் இல்லை, குடியிருப்பும் இல்லை. ரோசம்மாவுக்கோ இது நிறைமாதம்.

தோட்டக்காரன் ஐயாவு சன்னலுக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மற்ற நாட்களைவிட அதிக உற்சாகமாக ஊற்றினான். செடி இல்லாத இடத்துக்கும் ஊற்றினான்.

"ஐயாவு, இங்க வா. இதுல இருந்தது எங்க?"

ஐயாவு ஒளிக்கவில்லை. "நான்தாண்ணே குடிச்சேன்."

"அட பாவி."

"என்னாண்ணே பாவி? செத்தவரு படம், முன்னால வெளக்கு, வெளக்குக்கு முன்னால போத்தல். இது படையல் இல்லாம வேற என்ன? படைச்சா, வெளக்கு அணஞ்சதும் எடுத்துச் சாப்பிடணும். மூணு நாளா யாரும் தொடல. பெரியவரு மனசு நோகுமேன்னு நான்தான் கும்பிட்டு எடுத்துக்கிட்டேன்."

"தொரைக்குத் தெரிஞ்சா என் தலை உருளும்லா."

"இதுக்குப் போயா? அப்படி ஒண்ணும் பெரிய சரக்கு இல்லண்ணே. நம்ம சம்சுச் சாராயம் மாதிரித்தான் தொண்டையைக் கீறுச்சு."

"ஒனக்கு எதைக் குடிச்சாலும் சம்சுதான்," என்று ஆம்புரோஸ் எரிந்து விழுந்தான்.

அப்போதைக்குப் போத்தலில் தண்ணீரை நிரப்பி அதே இடத்தில் வைத்தான். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. அந்தப் பெண் வந்து ஒரு வாய் குடிக்கும்வரை தாங்கும். அதற்குப் பிறகு?

வேறு எந்த பட்லராக இருந்தாலும் அதற்குப் பிறகு ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் துரையின் கதையை ஆம்புரோஸ் கேட்ட அளவுக்குப் பாதிரியார் பிரசங்கத்தைக்கூடக் கேட்டதில்லை. அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் பழச் சாராயம் காய்ச்சுவார்கள். சர்க்கரை பாதாமிப் பழத்தில் காய்ச்சியது விருந்தாளிக்கு. புளிப்பான சின்னச் சிவப்புப் பழத்தில் காய்ச்சியது காய்ச்சல்காரனுக்கு. முசுக்கொட்டையில் காய்ச்சியது வீட்டு மனிதர்களுக்கு. மரத்தடியில் துணியை விரித்து உலுக்கினால் பழம் மழையாகக் கொட்டும். தொட்டியில் ஊறவிட்டு, செம்புப் பானையில் காய்ச்சி, முதலில் வருவதைக் கொட்டிவிட வேண்டும், கடைசியில் வருவது தண்ணீர், நடுவில் வருவதை மட்டும் பிடிக்க வேண்டும். "நாக்குல வச்சா இது எந்த வீட்டுதுன்னு சொல்லிடுவோம்," என்று துரை கதையை முடிப்பார். தங்கை சின்னப் பிள்ளையாக அடுப்படியில் உட்கார்ந்து, குழாயில் சொட்டுவதை விரலால் தொட்டு நக்கி அடி வாங்குவாளாம்.

"அப்ப அவளுக்கு ருசி தெரியும்," என்றாள் ரோசம்மா, விஷயத்தைக் கேட்டதும். "நீங்க மாட்டிக்குவீங்க. தொரைகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க."

"சொன்னா, ஐயாவு குடிச்சான்னு நம்புவாரா? பட்லர் குடிச்சிட்டுத் தோட்டக்காரன் மேல பழி போடுறான்னுதான் சொல்லுவாரு."

அவன் உண்மையைச் சொல்லவில்லை. பழம் தேடிப் போனான்.

சிம்பாங் பூலாயில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனக் கிழவர் ஒருவர், இருமல் மருந்துக்கு இலை பறிப்பதற்காக முசுக்கொட்டை மரங்கள் வைத்திருந்தார். பழத்தைப் பன்றிக்குப் போடுவார். ஆனால் வேறொருவனுக்கு வேண்டும் என்றதும் பன்றிக்கு அது மிகவும் அவசியமாகிவிட்டது. கடைசியில் ஆம்புரோஸ் தன் கல்யாணக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தான். கிழவர் அங்கேயே போட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அது ஆம்புரோஸைவிடப் பொருத்தமாக இருந்தது.

பழம் வந்தது. அதைப் பிசைந்த கை கருஞ்சிவப்பாகிப் போனது. சோப்பு போட்டான், சாம்பல் போட்டான், கல்லில் தேய்த்தான். மறுநாள் சூப் வைத்தபோது துரை கையைப் பார்த்துவிட்டார்.

"என்னா அது?"

"தோல்ல ஏதோ கோளாறுங்க தொர," என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

துரை சூப்பைத் தள்ளிவைத்துவிட்டு அவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அங்கே டிரெசர் நவமணி, தன் வாழ்நாளில் இப்படி ஒரு வியாதியைப் பார்த்ததில்லை என்று மகிழ்ச்சியோடு சொல்லி, முழங்கை வரைக்கும் ஊதா மருந்தைத் தடவி, இரண்டு கைக்கும் கட்டுப் போட்டு, போதாததற்கு விளக்கெண்ணெயும் கொடுத்தார். ஆம்புரோஸ் ஒரு வாரம் கட்டுப் போட்ட கையோடு பரிமாறினான். பீங்கான் தட்டுகள் நாளுக்கு ஒன்றாகக் குறைந்தன. உடைந்த தட்டுக்கெல்லாம் அவன்தான் பதில் சொன்னான்.

பழம் ஊறி நுரைத்ததும் செம்புப் பானைக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பங்களாவில் இருந்த ஒரே செம்புப் பானையில் துரைக்கு வெந்நீர் போடுவார்கள். பட்டப்பகலில் அவனும் ஐயாவும் அதைத் தூக்கிக்கொண்டு ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்துக்குப் பின்னால் போனார்கள். அங்கே எந்நேரமும் புகை இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். ஊரில் கள்ளத்தனமாகக் காய்ச்சிய குடும்பம் ஐயாவுடையது. பானை வாயை மூடி மண் பூசி, மூங்கில் குழாய் சொருகுவதை அவன் சந்தோஷமாகச் செய்தான்.

"முதல்ல வாரதைக் கொட்டணும்," என்றான் ஆம்புரோஸ்.

"கொட்டுறதா? அது முனியாண்டிக்கு," என்று ஐயாவு அதைப் பயபக்தியோடு ஒரு கல்லின் மேல் ஊற்றினான். ஆம்புரோஸ் சிலுவை போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

குளிக்கப் போன துரை பச்சைத் தண்ணீரைத் தொட்டதும் சத்தம் போட்டார்.

"செம்புல ஓட்டைங்க தொர. ஈப்போவுக்கு அனுப்பி அடைக்கணும்."

"சரி, கொண்டா. நாளைக்குப் போறப்ப நானே கார்ல எடுத்துட்டுப் போறேன்."

அன்றைக்கு ஆம்புரோஸ் ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, நல்ல செம்பில் தானே ஓட்டை போட்டான். தொட்டால் ஒழுகும் அளவுக்குப் போட நினைத்தான். கட்டுப் போட்ட கை அல்லவா, கொஞ்சம் ஆழமாகவே போய்விட்டது.

வாசனை எப்படியோ கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புகைக்கூடத்துக்கு ஆட்கள் சிரட்டையோடு வந்து நின்றார்கள். ஒருவர் வாயை அடைக்க ஒரு சிரட்டை. ஒருவர் குடித்தால் அடுத்தவருக்கு வாய் திறந்துகொள்ளும். வந்தவர்கள் போனபோது சரியாக ஒரு போத்தல் மிஞ்சியது. தெளிவாக, பளிங்குத் தண்ணீர் மாதிரி இருந்தது.

ஐயாவு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"என்னலா?"

"இது வேறண்ணே. அன்னைக்குக் குடிச்சது சம்சு மாதிரி கீறுச்சு. இது இனிச்சுக்கிட்டு இறங்குது. பழ வாசம் மூக்கு வரைக்கும் வருது. ரெண்டும் ஒண்ணே இல்ல."

ஆம்புரோஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். இத்தனை பாடுபட்டும் ருசி தப்பிவிட்டது. கொஞ்சம் சம்சு கலந்தால் சரியாகுமா என்று யோசித்தான். அதற்குள் அவள் வரும் நாள் வந்துவிட, படத்தடிப் போத்தலில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு இதையே ஊற்றி வைத்தான். வாசலில் மோட்டார் கார் சத்தம். டிரைவர் பிச்சைமுத்து, பினாங்கிலிருந்து வந்த ரயிலில் இறங்கிய அனுஷைக் கொண்டுவந்துவிட்டான்.

மெலிந்த பெண். ஒரு துணி மூட்டைதான் சாமான். துரையைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். துரை கையை விடுவிக்கவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை. இடுப்பளவு இருந்தபோது விட்டுவிட்டு வந்த பிள்ளையின் முகத்தை இந்த முகத்தில் தேடிக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு மேசையில் துரையே போத்தலைத் திறந்தார். இரண்டு கிளாஸில் ஊற்றினார். தன்னுடையதைத் தொடவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற ஆம்புரோஸ் தனக்குத் தெரிந்த அத்தனை புனிதர்களையும் வரிசையாகக் கூப்பிட்டான்.

அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. விரலைக் கிளாஸுக்குள் விட்டு நக்கிவிட்டு, அப்பா படத்தைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். போத்தலை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு விம்மினாள்.

"என்ன சொல்லுதுன்னு தெரியுதா ஆம்புரோஸ்?" துரையின் குரல் சப்பென்று இருந்தது. "அப்பா காய்ச்சினதாம். எங்க வீட்டு மரமாம்."

ஆம்புரோஸ் கூப்பிட்ட புனிதர்களுக்கெல்லாம் நன்றி சொன்னான். தப்பித்தோம். அந்த ஐயாவுக்கு நாக்கா இருக்கிறது. துரை எழுந்து, தன் கிளாஸை அப்படியே விட்டுவிட்டு அறைக்குப் போகும்போது அவன் தோளில் கை வைத்தார்.

"போத்தலை நல்லாப் பாத்துக்கிட்ட. ஒன்னைய நம்பலாம்."

இத்தனை வருஷத்தில் துரை அவனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. ஆம்புரோஸ் சமையல்கட்டில் ரோசம்மாவிடம் அதை இரண்டு முறை சொன்னான். கேட்கிறாளா என்று பார்த்து மூன்றாம் முறையும் சொன்னான்.

மறுநாள் காலையில் பிச்சைமுத்து அந்தத் துணி மூட்டையைத் திரும்பவும் காரில் ஏற்றினான். அனுஷ் ஒன்றும் புரியாமல் பின்னால் உட்கார்ந்திருந்தாள். துரை வெளியே வரவில்லை. கதவு சாத்தியிருந்தது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறாளாக்கும் என்று ஆம்புரோஸ் நினைத்தான். அவள் அவனைப் பார்த்துப் போத்தலைத் தூக்கிக் காட்டி, நன்றி சொல்வது போலத் தலையசைத்தாள். அவனும் பெருமையாகச் சல்யூட் வைத்தான்.

மத்தியானம் கார் காலியாகத் திரும்பியது.

"எங்கடா அந்தப் பொண்ணு?"

"பினாங்கு ரயில்ல ஏத்திட்டேண்ணே. வந்த கப்பல்லயே திருப்பி அனுப்பச் சொல்லிட்டாரு. ஸ்டேஷன்ல கதறிருச்சு. அந்தப் போத்தலை மட்டும் மடியில வச்சுக்கிட்டு விடவே இல்ல."

"ஏன்? அதுக்கு அங்க யாரும் இல்லையேடா. அப்பா காய்ச்சினதுன்னு சரியாத்தானே சொல்லுச்சு?"

பிச்சைமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அப்படிச் சொன்னதாலதாண்ணே மாட்டிக்கிச்சு, அசலை எல்லாம் சாவுச் சேதி வந்த வருசமே தொர குடிச்சுத் தீத்துட்டாரு, போன மாசம் என்னைய விட்டு மெங்லெம்பு கடையில சம்சு வாங்கி அவரே அதுல ஊத்தி வச்சாரு, எங்க வீட்டுப் பொண்ணா இருந்தா ஒரு வாய்லயே துப்பிடும்னு."